திருவனந்தைத் தமிழர்: விருந்தினரா, வீட்டாரா?

வேற்று நாட்டில் குடியேறி வாழும் மக்கள் தம் வரலாற்றை எழுதப் புகும்போது பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றைப் பின்பற்றுவர். தம்மவருள் அரசவையில் அமர்ந்தவர் யார், அமைச்சராய் ஆண்டவர் யார், நூல் இயற்றியவர் யார் என்று பெயர்வரிசை வகுப்பது ஒரு வழி. பிறந்த மண்ணைப் பிரிந்த ஏக்கத்தை எடுத்துரைப்பது மற்றொரு வழி. இவ்விரண்டும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றால் விளங்காத செய்தி ஒன்று உண்டு. குடியேறிய ஊரில் அம்மக்கள் அண்டை வீட்டாரோடு எவ்வாறு பழகினர்? கடைத்தெருவில் எந்த மொழியில் பேசினர்? யாருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர்? ஊர்மக்கள் அவர்களை எப்பெயரிட்டு அழைத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடாத வரலாறு அரண்மனை வாயிலோடு நின்றுவிடும், தெருவுக்குள் நுழையாது.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வினாக்கள் மிகவும் உரியவை. பழைய திருவிதாங்கூரில் கிழக்கிலிருந்து வந்த தமிழ் அந்தணரைப் 'பரதேசிப் பிராமணர்' என்று வழங்கினர். பிறதேசத்திலிருந்து வந்தவர் என்பதே அச்சொல்லின் பொருள். நாளடைவில் அச்சொல் தமிழ்நாட்டில் இரவலனைக் குறிக்கும் சொல்லாயிற்று. இங்கோ அது பல தலைமுறை இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர்க்கும் உரிய பெயராய் நிலைத்தது. எத்தனை தலைமுறை வாழ்ந்தால் ஒருவன் பரதேசி என்னும் பெயரிலிருந்து நீங்கி ஊரான் ஆகிறான்? இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள் இதுவே.

கோயிலும் கல்விச்சாலையும்

தமிழுக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு குடியேற்றத்தால் தொடங்கியது அன்று. நம்மாழ்வார் தம் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் அனந்தபுரத்துப் பெருமாளைப் பாடியுள்ளார். வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்று. அவற்றுள் இதுவும் ஒன்று. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் வெளியிட்ட பார்த்திவபுரச் செப்பேடு வட்டெழுத்தில் தமிழில் அமைந்தது. அவன் நிறுவிய கல்விச்சாலைக்குக் காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது என்பதை அச்செப்பேட்டால் அறிகிறோம். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்ற அந்தக் காந்தளூர், இன்று திருவனந்தபுரத்தில் வலியசாலை என வழங்கும் பகுதியே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

அக்காலத்தில் மலையாளம் என்றும் தமிழ் என்றும் இரு மொழிகளாய்ப் பிரித்துணரும் நிலை இங்கே முழுமையாக உருவாகவில்லை. எனவே 'தமிழர் எப்போது இங்கு வந்தனர்?' என்னும் வினாவையே சற்று மாற்றிக் கேட்க வேண்டும். இம்மண்ணின் ஒரு பகுதியினர் மலையாளிகளாயினர். வேறு சிலர் பிற்காலத்தில் தமிழராகவே இங்கு வந்து சேர்ந்தனர். இருவரும் தொலைவு உறவினர் என்பதே வரலாறு காட்டும் உண்மை. உறவினர்க்குள் அன்பும் மிகும். பூசலும் மிகும் என்பதை இனிக் காண்போம்.

தலைநகரும் அக்கிரகாரமும்

மார்த்தாண்டவர்மர் 1729-ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். அவர் நாட்டை விரித்தபோது வலக்கையாய் நின்றவர் தளவாய் இராமையன் என்னும் தமிழர். 1750-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மன்னர் தம் நாட்டைத் திருப்படித்தானமாய்ப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, அப்பெருமானின் தாசராய் நின்று ஆளத் தொடங்கினார். அதன்பின் இக்கோயில் அரசின் நடுவிடம் ஆயிற்று. அவருக்குப் பின் ஆண்ட தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், 1795-ஆம் ஆண்டளவில், தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது.

தலைநகர் மாறியபோது அதனோடு மக்களும் மாறினர். கோயிற் பணியாளர், கணக்கெழுதுவோர், சமையற்காரர், வேதம் ஓதுவோர் எனப் பலரும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து சேர்ந்தனர். கோட்டைக்குள்ளும் கரமனை ஆற்றங்கரையிலும் வலியசாலையிலும் அக்கிரகாரங்கள் தோன்றின. நெருங்கிய வீடுகள், திண்ணைகள், தெருவின் தலைப்பில் ஒரு கோயில் என்னும் அமைப்பு, தோட்டத்தின் நடுவே தனித்தனியாய் வீடு கட்டும் மலையாள நாட்டு வழக்கத்துக்கு முற்றிலும் புதியது. தெருவில் கோலமிடும் வழக்கமும் அவ்வாறே. இரண்டு வகை வீடுகளும் இன்றும் இந்நகரில் அருகருகே நிற்கின்றன. இரண்டு வகை வாழ்க்கை முறைகள் அருகருகே நின்றதற்கு அவை சான்று.

அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் அந்தணர்க்கு விலையின்றி உணவளிக்கப்பட்டது. வந்தவரை ஊரில் நிறுத்தியதில் இவ்வூட்டுப்புரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது. அந்நாட்டின் உழவரும் உழைப்பாளரும் செலுத்திய வரியிலிருந்து வந்த அச்சோறு அவர்களுக்கு எட்டாத சோறாகவே இருந்தது. கோயில் வாயிலும் அவர்களுக்கு அடைபட்டிருந்தது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேச விளம்பரமே அதைத் திறந்தது. நம் முன்னோருள் ஒரு பகுதியினர் பெற்ற வரவேற்பு, ஊரின் ஒரு பகுதியினரை வாயிலில் நிறுத்திவைத்த ஏற்பாட்டின் உறுப்பாக இருந்தது என்பதை நினைவில் கொண்டால்தான், பின்னர் எழுந்த மனக்கசப்பின் காரணம் விளங்கும்.

தலைநகர் மாற்றத்தின் இனிய எச்சம் ஒன்று இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரத்துச் சரசுவதி யானைமீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் புறப்பட்டுத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழிச் செய்தி. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி வரும் இவ்வூர்வலம் 1956-க்குப் பின் மாநில எல்லையைக் கடக்கும் ஊர்வலமாயிற்று. களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்கின்றனர். நகரை அடைந்தபின் சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலிலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும் வீற்றிருக்கின்றனர். மூவரும் ஆண்டுக்கொருமுறை இந்நகருக்கு விருந்தினராய் வந்து, விழா முடிந்ததும் தம் ஊருக்கு மீள்பவர். நாம் அவ்வாறு மீளாதவர், வேறுபாடு அவ்வளவே.

சாலைக் கடைத்தெரு

அக்கிரகாரத்துத் தமிழர் கோயிலையும் அரசையும் சார்ந்து வாழ்ந்தனர். ஊர்மக்களோடு நாள்தோறும் கலந்து பழகியவர் கடைத்தெருத் தமிழரே ஆவர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் கிழக்குக் கோட்டைக்கு எதிரே சாலைக் கடைத்தெருவை அமைத்தார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாண்டி நாட்டிலிருந்து வந்த சரக்குகள் கரமனை ஆற்றையும் கிள்ளியாற்றையும் கடந்து இத்தெருவில் இறங்கின. நாஞ்சில் நாட்டு நெல்லும், நெல்லைச் சீமையின் பருப்பும் மிளகாயும் கருப்பட்டியும் இத்தெரு வழியே இந்நகரின் அடுக்களைகளுக்குள் சென்றன. கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே இருப்புப்பாதை 1904-இல் அமைந்தது. திருவனந்தபுரத்துக்குப் புகைவண்டி 1918-இல்தான் வந்தது. நாகர்கோவிலையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் பாதையோ 1979-இல் திறக்கப்பட்டது. அதுவரை தெற்கிலிருந்து வந்தவரும் சரக்கும் பெரிதும் சாலை வழியையே நம்பி இருந்தனர்.

கடைத்தெரு ஒரு பள்ளிக்கூடமும் ஆகும். தமிழ் வணிகர் மலையாளம் கற்றது அங்கேதான். மலையாளியர் தமிழ் கற்றதும் அங்கேதான். வடக்கே 'சேட்டன்' என்று அழைப்பவரைத் திருவனந்தபுரத்து மலையாளத்தில் 'அண்ணன்' என்று அழைப்பது இன்றும் பெருவழக்கு. நெல்லைச் சீமை வணிகரை 'அண்ணாச்சி' என்று மலையாளியரும் அழைக்கக் கேட்கிறோம். கடன் பேரேட்டில் ஒருவன் பெயரை எழுதிச் சரக்குத் தருவதற்கு அவன் குடும்பத்தை அறிந்திருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் வேலையில்லாத வீட்டுக்கு அரிசி கடனாய்ச் சென்றது. ஓணத்துக்கு முன் கணக்குத் தீர்ந்தது. அப்பழக்கமே இரு மக்களையும் இணைத்த முதற்கயிறு.

இக்கடைத்தெருவைத் தம் எழுத்தில் நிலைக்கச் செய்தவர் ஆ. மாதவன். 1934-ஆம் ஆண்டில் பிறந்து, சாலையிலேயே கடை நடத்திக்கொண்டு, அங்கே நடமாடிய சுமைதூக்குவோரையும் சிறுவணிகரையும் கைவிடப்பட்டோரையும் கதைமாந்தராக்கினார். 'புனலும் மணலும்', 'கிருஷ்ணப் பருந்து' ஆகிய புதினங்களை எழுதிய அவர்க்கு 2015-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021-இல் அவர் மறைந்தார். அரசவையைப் பாடிய புலவர் பலர் இருந்தனர். கடைத்தெருவைத் தமிழில் எழுத ஒரு கடைக்காரரே வரவேண்டியிருந்தது.

பலராமபுரத்து நெசவாளரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பலராமவர்மர் ஆட்சியை ஒட்டிய காலத்தில், சாலியர் குடும்பங்கள் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டு நகருக்குத் தெற்கே குடியேற்றப்பட்டன. ஓணத்தன்று மலையாளப் பெண்டிர் உடுத்தும் பொன்கரையிட்ட வெண்ணிற ஆடையின் புகழ்பெற்ற நெசவு அவர்தம் குழித்தறிகளில் வளர்ந்ததே. ஒரு நாட்டின் தனி அடையாளமாய்ப் போற்றப்படும் உடையை நெய்த கை வந்தேறிய கை என்றால், எது உள்ளூர், எது வெளியூர் என்று வரையறுப்பது எளிதன்று.

1891

நம் வரலாற்றில் 1891-ஆம் ஆண்டு தனியே குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன.

ஒன்று, சனவரித் திங்களில் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளிடம் அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பம். பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டனர். பாரிஸ்டர் ஜி. பரமேசுவரன் பிள்ளை அதற்காக உழைத்தவருள் முதன்மையானவர். அரசின் உயர்பதவிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த தமிழ் அந்தணர் முதலியோர் கையில் உள்ளன. இந்நாட்டில் பிறந்து கற்றவர்க்கு அவற்றில் உரிய இடம் இல்லை என்பதே அவர்தம் முறையீடு. சேஷய்ய சாஸ்திரி, இராமையங்கார், சங்கரசுப்பையர் எனத் தமிழ்நாட்டுத் திவான்களின் வரிசையை நாம் பெருமிதத்தோடு ஓதுகிறோம். அவ்வரிசையை ஊர்மக்கள் எவ்வாறு கண்டனர் என்பதை அவ்விண்ணப்பம் உரைக்கிறது. அது தமிழின்மேல் எழுந்த வெறுப்பு அன்று. கல்வி கற்ற ஒரு தலைமுறை தன் வீட்டில் தனக்கு இடம் கேட்ட குரல். இன்று வேறு நகரங்களில் நம் பிள்ளைகளே இக்குரலைக் கேட்கின்றனர். சில இடங்களில் நாமே இக்குரலை எழுப்புகிறோம்.

மற்றொன்று, 'மனோன்மணீயம்' அச்சேறியது. அதன் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1855-ஆம் ஆண்டில் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றிக் கல்வெட்டுச் சான்றுகளால் ஆராய்ந்து எழுதியவர். தமிழ்த் தெய்வ வணக்கமாக அந்நாடகத்தின் முகப்பில் அவர் அமைத்த பாடலின் பகுதியையே தமிழ்நாட்டு அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாகக் கொண்டது. 2021-இல் அதனை மாநிலப் பாடல் என அறிவித்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பாடல் மலையாள நாட்டின் தலைநகரில் வாழ்ந்தவர் இயற்றியது என்பது நமக்குப் பெருமை தருவதே. ஆயினும் அதனினும் பெரிய செய்தி வேறொன்று. மலையாளியர் 'எம் நாடு எமக்கு' என்று கேட்ட அதே ஆண்டில், அதே நகரில், அந்நாட்டின் வரலாற்றைத் தன் வரலாறாய்க் கொண்டு ஆராய்ந்த தமிழர் ஒருவர் அமைதியாய் வாழ்ந்துகொண்டிருந்தார். விருந்தினனுக்கும் வீட்டானுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: விருந்தினன் தனக்கு இடப்பட்ட உணவை மட்டும் அறிவான், வீட்டான் வீட்டின் கணக்கையும் அறிவான்.

அவர் மகன் பி. எஸ். நடராஜ பிள்ளை விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சராய் 1954-இல் நிலச்சீர்திருத்த மசோதாக்களைக் கொணர்ந்தார். 1962-இல் திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சுயேச்சையாய் நின்று தேர்ந்தெடுக்கப்பட்டார். மொழிவழி மாநிலங்கள் அமைந்து ஆறே ஆண்டுகள் கழிந்த நிலையில், மலையாள வாக்காளர் பெரும்பான்மையாய் உள்ள தொகுதி தமிழ்ப் புலவர் ஒருவரின் மகனைத் தம் பிரதிநிதியாய் அனுப்பியது. பேரூர்க்கடையில் அவர் பெயர் தாங்கிய அரசுப் பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

ஒரே பந்தி

பழக்கத்தின் உரைகல் பந்தியே ஆகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தைக்காட்டில் வாழ்ந்தவர் அய்யாவு சுவாமிகள். செங்கற்பட்டுப் பகுதியைச் சார்ந்த தமிழர், ஆங்கில ரெசிடென்டின் மாளிகையில் மேலாளராய்ப் பணியாற்றியவர், யோகநெறியில் தேர்ந்தவர். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் பயின்றனர். சுந்தரம் பிள்ளையும் அவரை மதித்துப் பழகியவரே. சாதி வேறுபாடின்றி எல்லோரையும் ஒரே பந்தியில் அமரச்செய்து உண்பித்தவர் எனவும், அப்பந்தியில் அய்யங்காளியும் அமர்ந்தார் எனவும் அவர் வரலாறு கூறுகிறது. தீண்டாமை வேரூன்றிய அக்காலத்தில் அதற்கு எத்துணைத் துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். நாராயண குரு தமிழிலும் பதிகங்கள் இயற்றினார் என்பதை நம்மவருள் பலர் அறியார். கேரளத்தின் சமூக மறுமலர்ச்சிக்கு வித்திட்டோர் வரிசையில் ஒரு தமிழ்க் குடியேறி இருந்தார்; திவான்களின் பெயர்களைக் காட்டிலும் நாம் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லத்தக்க பெயர் அதுவே.

இசை வளர்த்த உறவு

1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாளின் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு சிறப்புற்று விளங்கினார். கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் தமிழில் சிவபக்திக் கீர்த்தனைகள் இயற்றினார். இளமையில் தந்தையை இழந்து இந்நகருக்கு வந்த சிறுவன் அவர் பாடல்களில் உள்ளம் தோய்ந்தான். அவரே பின்னர்ப் பாபநாசம் சிவன் என விளங்கியவர். அரசுக் கருவூலத்தில் பணியாற்றிய டி. இலக்குமணப் பிள்ளை தமிழ்க் கீர்த்தனைகள் பல இயற்றி 1950 வரை வாழ்ந்தார். 1939-இல் தொடங்கிய இசைக் கல்விக்கூடத்துக்கு அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் அவர்க்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் தலைமை தாங்கினர். நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் உரிமை 2006-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அவ்வாண்டு முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். இசையரங்கில் அமர்ந்தவரை மொழியால் பிரித்தறிதல் இயலாது. இந்நகரில் இரு மக்களும் தயக்கமின்றி ஒன்றாய் அமர்ந்த முதல் இடங்களுள் அதுவும் ஒன்று.

எல்லைக்கோடு விழுந்த நாள்

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாய்ச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. செங்கோட்டையும் நெல்லை மாவட்டத்தில் சேர்ந்தது. அதற்காகத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியதையும், 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் தமிழர் உயிர் நீத்ததையும் யாவரும் அறிவர். தெற்கே அது வெற்றிநாள். ஆனால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தமிழரின் நிலை வேறு. அதுவரை அவர்கள் இருமொழி வழங்கிய ஒரு நாட்டின் தலைநகரில் வாழ்ந்தனர். மறுநாள் காலையில், தம் வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே, வேற்று மொழி மாநிலத்தின் சிறுபான்மையர் ஆயினர். மகளைக் கொடுத்த ஊரும் நிலமுள்ள ஊரும் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால் களியக்காவிளையோடு வேறு மாநிலத்துக்குச் சென்றன.

இம்மாற்றத்தின் அடையாளம் ஒன்றை இங்குக் குறிக்கலாம். இன்று தமிழகமெங்கும் வழங்கும் 'தினமலர்' நாளிதழ் 1951 செப்டம்பர் 6-ஆம் நாள் திருவனந்தபுரத்தில்தான் டி. வி. இராமசுப்பையரால் தொடங்கப்பெற்றது. எல்லை மாறிய மறு ஆண்டில், 1957-இல், அது திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. தமிழ் நாளிதழ் ஊரை விட்டுச் சென்றது; அதைப் படித்த குடும்பங்கள் இங்கேயே இருந்தன.

அவ்வாறு இருந்தவர் சோர்ந்துவிடவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் 1950-களில் எஸ். வையாபுரிப் பிள்ளை பேராசிரியராய் இருந்தார். அவர்க்குப்பின் வ. அய். சுப்பிரமணியம் அத்துறையை வளர்த்து, 1963-இல் மொழியியல் துறையையும், 1971-இல் திராவிட மொழியியற் கழகத்தையும் உருவாக்கி, தமிழும் மலையாளமும் ஒரே மேசையில் ஆராயப்பட வழிசெய்தார். நகுலன் ஆங்கிலப் பேராசிரியராய் இருந்துகொண்டு 1968-இல் 'குருக்ஷேத்திரம்' என்னும் தொகுப்பை இங்கிருந்து வெளியிட்டார். நீல. பத்மநாபன் 1970-இல் வெளியிட்ட 'பள்ளிகொண்டபுரம்' என்னும் புதினம் இந்நகரையே களமாய்க் கொண்டது. அதன் தலைவன் அனந்தன் நாயர் என்னும் மலையாளி. தமிழ் எழுத்தாளர் ஒருவர் அண்டை வீட்டானின் உள்ளத்துக்குள் புகுந்து தமிழில் எழுதினார். வேற்றூரில் வாழ்வதன் பயன் என்னவென்று கேட்பார்க்கு இதுவே விடை.

சட்டமும் ஓரளவு துணை நின்றது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டபோது, தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத்தலைவர்க்கும் தம் மொழியிலேயே மடல் எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் அது உரிமை வழங்கியது. அவ்வுரிமையைப் பயன்படுத்தித் தமிழில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் நம் வீடுகளில் எத்தனை பேர் என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் தகும்.

அன்றாட வாழ்வு

இனி, நாள்தோறும் நாம் வாழும் வாழ்க்கையை நோக்குவோம். புதிதாய் வந்த தமிழ்க் குடும்பம் முதலில் தடுமாறுவது அறியாத சொல்லால் அன்று, அறிந்த சொல்லால். 'வெள்ளம்' வேண்டுமா என்று அண்டை வீட்டார் கேட்டால் அவர் தருவது குடிநீர். 'குட்டி நலமா?' என்றால் நம் குழந்தையைத்தான் வினவுகின்றனர். 'பட்டி' என்பது நமக்குச் சிற்றூர்; அவர்க்கு நாய். 'களி' நமக்கு உணவு, அவர்க்கு விளையாட்டு. ஒரு திங்களில் சிரிப்புத் தோன்றும், ஓராண்டில் பழகிவிடும், பத்தாண்டில் நம் பிள்ளைகள் அச்சொற்களைத் தமிழ் என்றே கருதுவர்.

நம் வீடுகளில் இரண்டு நாள்காட்டிகள் தொங்குகின்றன. கொல்லம் ஆண்டு பழைய நாஞ்சில் நாட்டுக்கும் நெல்லைச் சீமைக்கும் பொதுவானதே. எனினும் நமக்கு ஆவணி என்பது அவர்க்குச் சிங்கம். நமக்கு ஆடி, அவர்க்குக் கர்க்கடகம். நாம் ஆடிக்கூழ் நினைக்கும் திங்களில் அடுத்த வீட்டில் இராமாயணம் ஓதும் ஒலி கேட்கிறது. சித்திரைப் பிறப்பும் விஷுவும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வருகின்றன. அவர்கள் வீட்டுக் கணியைக் காண நம் பிள்ளைகள் செல்கின்றனர். நம் வீட்டுப் பொங்கலும் மாவிளக்கும் அவர்கள் வீட்டுக்குச் செல்கின்றன. அவியலும் ஓலனும் நம் அடுக்களையில் குடியேறின. சாம்பாரும் தோசையும் அவர்கள் அடுக்களையில் குடியேறின. உணவுக்குக் குடியுரிமை கேட்பார் இல்லை.

இக்கலப்பின் உச்சத்தை ஆற்றுக்கால் பொங்கலில் காணலாம். மாசித் திங்களில் நடைபெறும் பத்து நாள் விழாவில் கண்ணகியின் கதையைத் தோற்றம் பாட்டாய்ப் பாடுவர். பாண்டியன் வீழ்ந்த பகுதி பாடப்பெற்றதும் கோயிலின் பண்டார அடுப்பில் தீ மூட்டப்படும். அத்தீ அடுப்பிலிருந்து அடுப்புக்குப் பரவி நகரின் தெருக்கள் முழுதும் எரியும். 1997-இல் 15 இலட்சம் பெண்டிரும் 2009-இல் 25 இலட்சம் பெண்டிரும் கூடியதாகக் கின்னஸ் நூல் பதிவு செய்தது. அன்று நாடெங்கிலுமிருந்து வருவோர்க்கு நகரத்தார் தம் வாயிலைத் திறந்து வைக்கின்றனர். முன்பின் அறியாத பெண்கள் மூன்று செங்கல் அடுக்கி அருகருகே அமர்கின்றனர். ஒருவர் மறந்த வெல்லத்தை மற்றொருவர் தருகிறார். புகாரில் பிறந்து, மதுரையில் நீதி கேட்டு, சேர நாட்டில் தெய்வமான பெண்ணின் விழா அது. அவளும் ஊர்விட்டு ஊர் வந்தவளே. அவளை மலைநாட்டார் விருந்தினளாய் வைத்திருக்கவில்லை. வீட்டுத் தெய்வமாக்கிக் கொண்டனர்.

இவ்வளவு இருந்தும் முள் இல்லாமல் இல்லை. பாண்டி நாட்டார் என்னும் பொருளில் எழுந்த 'பாண்டி' என்னும் சொல் இழிசொல்லாய் ஒலிக்கும் இடங்கள் உண்டு. 'மலையாளத்தான்' என்பதை நம்மவர் ஏளனமாய் உரைக்கும் இடங்களும் அதே அளவில் உண்டு. முதலதைக் கேட்டு நாம் வருந்துகிறோம். இரண்டாவதை நம் வீட்டுக்குள் தடுப்பதில்லை. பிள்ளைகள் இரண்டையும் கேட்டே வளர்கின்றனர்.

நம் கடமை

1963-இல் தும்பையில் ஏவுகணை நிலையம் தொடங்கியபின் அப்துல் கலாம் போன்ற அறிவியலாளரும் பொறியாளரும் இந்நகருக்கு வந்தனர். கட்டடப் பணிக்கும் சாலைப் பணிக்கும் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். சங்க விழாவில் முன்வரிசையில் அமர்பவர் முதல் வகையினர். இரண்டாம் வகையினரை நாம் அழைப்பதும் அரிது. ஊட்டுப்புரையில் நிகழ்ந்த பிழை சங்க மண்டபத்தில் மீண்டும் நிகழ்தல் ஆகாது. தைக்காட்டுப் பந்தியே நமக்கு முன்மாதிரி ஆகுக.

தமிழ்க் கல்வியோ நம் பொறுப்பு. கேரளத்துப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017-இல் வந்தது. வாழும் நாட்டின் மொழியைக் கற்றல் நன்றே. அதனால் நமக்கு இழப்பில்லை. நம் வீடுகளில் தமிழ் தேய்வது மலையாளத்தால் அன்று. தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை யாரும் கற்பிக்காமையால் அது தேய்கிறது. சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. அதில் சேர்க்க இயலாதோர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வீட்டுத் திண்ணையில் கற்பிக்கலாம். பாட்டி எழுதிய மடலைப் பேரன் படிக்க இயலாத வீட்டில், தமிழ் இன்னும் ஒரு தலைமுறைதான் விருந்தினராய் இருக்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வரலாறு தரும் விடை இது. ஆண்டுகள் ஒருவனை ஊரானாக்குவதில்லை, பதவியும் ஆக்குவதில்லை. 1891-இல் பதவியில் இருந்தவர் அந்நியராகவே எண்ணப்பட்டனர். கடையில் இருந்தவர் 'அண்ணன்' என அழைக்கப்பட்டனர். ஊரின் கணக்கில் பங்குகொண்டு, ஊராருடன் பந்தியில் அமர்ந்து, தன் மொழியைத் தாழ்வின்றிப் பேணி, பிறர் மொழியை ஏளனமின்றிக் கற்றவனே வீட்டான். அத்தகைய வீட்டார் பலர் இக்குடியிருப்பில் பெருகுக. நம் சங்கம் வளர்க. நம்மை வாழவைக்கும் இந்நகரும் வாழ்க.